மழைத்துளிக்குப் பதில் ஒரு குடுவை: வானவில்லின் 42 டிகிரியை வீட்டில் பிடிப்பது எப்படி?

மேகமே கண்ணாடிபோல வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பது வானவில்லுக்கு அரிஸ்டாட்டில் காலத்து விளக்கம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் தியோடரிக்கும் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும், ஒருவரையொருவர் அறியாமலே, மேகத்தை விட்டுத் துளியைப் பிடித்தார்கள். கண்ணாடி உருண்டையில் தண்ணீர் நிரப்பி, இதுதான் மழைத்துளி என்று வைத்துக்கொண்டார்கள். 1637-ல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் வெளியிட்ட விளக்கத்திலும் இதே உருண்டைதான். நாமும் செய்து பார்ப்போம்.

முதலில் குடுவை. வேதியியல் லேபில் இருக்கும் 250 மி.லி. உருண்டை அடிக் குடுவைதான் என் தேர்வு. மீன் தொட்டி வேண்டாம். கண்ணாடி தடிமன், உருவமும் சரியான கோளம் இல்லை. கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

அடுத்து முழு சார்ட் அட்டை ஒன்றின் நடுவில் வட்ட ஓட்டை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போட்டால் வானவில் வரவே வராது. காரணம் டேக்கார்ட்டின் கணக்கில் இருக்கிறது. துளியின் ஆரத்தை 10,000 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு கதிரும், வந்த பாதையிலிருந்து எந்தக் கோணம் விலகித் திரும்பி வருகிறது என்று அவர் கணக்கிட்டார். மையத்திலிருந்து 8,600 பங்கு தள்ளி, கிட்டத்தட்ட விளிம்பில், நுழையும் கதிர்தான் அதிகபட்சமாக ஏறக்குறைய 41½ டிகிரியில் வெளியேறுகிறது. அதற்கு அக்கம்பக்கத்துக் கதிர்களும் அதே கோணத்தில் வந்து குவிவதால்தான் அங்கே மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே ஓட்டை குடுவையைவிடக் கொஞ்சம் பெரிதாக, 10 செ.மீ. இருக்கட்டும்.

காலை வெயில் நேராக வரும் ஜன்னலில் அட்டையை நிறுத்துங்கள். மற்ற வெளிச்சத்தை மூடிவிடுங்கள். ஓட்டைக்கு நேர் பின்னால் 20 செ.மீ. தள்ளிக் குடுவை. கவனம்: தண்ணீர்க் குடுவை நல்ல லென்ஸ். அதன் பின்பக்கம் திரைச்சீலையோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கலாம். அப்படியே விட்டுவிட்டுக் காபி போடப் போகாதீர்கள்.

இப்போது அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி 20 செ.மீ.க்கும் அதிகமான ஆரத்தில் வண்ண வளையம், வெளி ஓரத்தில் சிவப்பு. சிவப்புக்கு வெளியே சட்டென்று இருட்டு.

அப்புறம் குடுவையின் முன்பக்கத்து மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். வளையத்தின் கீழ்ப்பகுதி காணாமல் போகும்! மேலே நுழைந்த ஒளி பின்சுவரில் மோதிக் கீழே வெளியேறுகிறது. டேக்கார்ட்டும் இப்படி மறைத்து மறைத்துத்தான் பாதையைக் கண்டுபிடித்தார். ஆனால் நிறங்களுக்கு அவர் சொன்ன காரணம் சுழலும் துகள்கள். அதை நியூட்டனின் பட்டகம் (பிரிசம்) ஓரங்கட்டியது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு வளைகிறது. சிவப்புக்கு 42 டிகிரி 2 நிமிடம், ஊதாவுக்கு 40 டிகிரி 17 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்) என்று நியூட்டன் கணக்கிட்டார்.

பின்சேர்க்கை: மொபைல் டார்ச் போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் வைத்தால் கதிர்கள் விரிந்து வந்து கோணத்தைக் கெடுத்துவிடும். நன்றாக இருட்டிய அறையின் மறுகோடியில் வைத்தால் வளையம் வரும், மங்கலாக. வளையத்தின் அடியில் துண்டு ஒன்று குறைகிறதே என்றவருக்கு: அது குடுவைக் கழுத்தின் வேலை.