தனி ஆவர்த்தனத்தில் எனக்கென ஒரு வாசிப்பு

மிருதங்கம் பயின்று மேடை ஏறத் தொடங்கிய காலத்தில், என் தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் பகுதி) ஆசிரியர் சொல்லிக்கொடுத்த மோராக்களையும் கோர்வைகளையும் (கணக்கிட்டு அமைத்த முடிப்புச் சொற்கட்டுகள்) அதே வரிசையில் ஒப்பிப்பதாகவே இருந்தது. புதிய கோர்வைகளைச் சேகரிப்பதால் மட்டும் இது தீராது என்று தோன்றியதால், ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரை (தாளத்தின் சிறு கால அலகு) கொண்ட தாளச் சொல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எட்டு அட்சரங்கள் கொண்ட ஆதி தாளத்தில், ஒவ்வோர் அட்சரமும் நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையில், ஓர் ஆவர்த்தனத்திற்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரைகள். அச்சொல்லை மூன்று முறை சொல்லி, இடையிலுள்ள இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 17 ஆகும். எனவே 15 மாத்திரைகள் கழித்துத் தொடங்கினால் முடிவு சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தில், வந்து சேரும். கார்வையை இரண்டாக்கினால் 19, மூன்றாக்கினால் 21 என்று கணக்கு வளர, தொடங்கும் இடம் ஒவ்வொரு முறையும் இரண்டு மாத்திரை முன்னதாக அமையும். வாத்தியத்தைத் தொடாமல், கையால் தாளம் போட்டுக் கொன்னக்கோலாகவே (தாளச் சொற்களை வாயால் சொல்லும் முறை) இவற்றைச் சொல்லிப் பழகியபோது, என் மனம் எப்போதும் நீண்ட கார்வையையே நாடுவது புலப்பட்டது.

அந்தக் கார்வைகளை என்ன செய்வது என்பதற்கு, இடக்கை வாசிப்பாளரான பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) ஒலிப்பதிவுகள் வழிகாட்டின. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் அவர் எழுப்பிய நாதத்தைக் கேட்ட பிறகு, கார்வைகளில் ஒரேயொரு கும்கியை (தொப்பியில் எழும் வளைந்த ஒலி) மட்டும் ஒலிக்கவிடத் தொடங்கினேன். உயர்ந்த ஒலி தரும் பக்கமான வலந்தலையில் வேகம் காட்டும் ஆசை இதனால் குறைந்தது. கைதட்டலும் சற்றுக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாடகர் நிரவலில் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் பகுதி) மூச்சு வாங்கும் இடங்களிலும் இப்போது அவ்வாறே வாசிக்கிறேன்.