குரல் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஓர் அரூர்க்காரி சொல்வது

காரிமங்கலத்திலிருந்து அண்ணன் மகள் போன வாரம் போன் செய்தாள். "அத்தை, ரேடியோவுல பகுதி நேர அறிவிப்பாளர் எடுக்குறாங்களாம். குரல் தேர்வுக்கு என்ன படிச்சுட்டுப் போகணும்?" படித்துவிட்டுப் போக ஒன்றுமில்லை, பழகிவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். வானொலி, உள்ளூர் கேபிள் சேனல், கோயில் திருவிழா மேடை என்று இருபத்தைந்து வருஷம் மைக்கோடு காலம் தள்ளியவள் நான். அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். ஆகாசவாணியில் பகுதி நேர அறிவிப்பாளருக்கு மாதத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கிடையாது. அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நான் கடைசிவரை வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுத்துத் தேர்வு தேறினால் குரல் தேர்வு. ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். வாங்கியவுடன் வாயைத் திறக்காதீர்கள். ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, எங்கே மூச்சு விடுவது என்று கோடு போடுங்கள். உதாரணத்துக்கு இந்த வரி: "தருமபுரியிலிருந்து பிரித்து கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று உருவாக்கப்பட்டது." 'பிரித்து' என்ற இடத்தில் ஒரு கோடு, 'மாவட்டம்' முடிந்ததும் ஒரு கோடு. அவ்வளவுதான். கோடு போடாமல் ஓடினால் 2004 என்ற இடத்தில் மூச்சு முட்டும். "கிருஷ்ணகிரி மாவட்டம் 2004" என்று நின்றுவிடுவீர்கள். கேட்பவருக்கு ஏதோ மாங்கனிக் கண்காட்சியின் பெயர் மாதிரி இருக்கும்.

அடுத்தது பெயர்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் பாதி இதுதான். குரல் சுமாராக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தன் ஊர்ப் பெயரை, தன் பிள்ளை பெயரைத் தப்பாகச் சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

நான் அரூர்க்காரி. எங்கள் பக்கம் பட்டிகள்தான் அதிகம். பாலக்கோட்டைத் தாண்டினால் பள்ளியும் ஹள்ளியும் கலந்து வரும். சேர்ந்த இரண்டாவது மாதம், நேயர் விருப்பத்தில் ஒரு தபால் கார்டு. ஒரு குடும்பமே பெயர் எழுதியிருந்தது, பாட்டி முதல் தொட்டில் பிள்ளை வரை. எல்லாப் பெயரையும் சரியாகப் படித்துவிட்டு, ஊரை மட்டும் "மாரண்டபள்ளி" என்றுவிட்டேன். பக்கத்திலேயே பஞ்சப்பள்ளி இருக்கிறது, அந்த நினைப்பு. அடுத்த வாரம் மூன்று கார்டு வந்தது. ஒன்றில் இப்படி: "மாரண்டஹள்ளியைப் பள்ளிக்கூடமாக்கிய அம்மாவுக்கு நன்றி. வாத்தியார் எப்போது வருவார்?"

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். ஊர்ப்பெயர்களை இடப்பக்கம் எழுதுவேன், ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி வலப்பக்கம் எழுதுவேன். யாரிடம் கேட்பது? தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். கண்டக்டர்கள் கூவுவதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. அப்புறம் ஊர்ப்பெயரின் பொருள் தெரிந்தால் நாக்கு தடுமாறாது. ஹள்ளி என்றால் கன்னடத்தில் சிற்றூர். ஒகேனக்கல்லில் 'ஹொகெ' என்பது புகை, 'கல்' நம்ம கல்தான். அருவியின் சாரல் புகையாய் எழும்பும் பாறை. இது தெரிந்தபிறகு அந்தப் பெயரை நான் அவசரப்பட்டுச் சொன்னதே இல்லை.

ழகரம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்ததைத் தினம் பத்து தடவை சொல்லுங்கள், சரியாகிவிடும். ஆனால் ழகரம் வருகிறது என்பதைக் காட்டுவதற்காகவே அதை வாயில் போட்டு உருட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக ஊதாமல் முகத்தைக் கொஞ்சம் ஒருபக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, பர்கூர் என்று எங்கே திரும்பினாலும் 'ப'தான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து இந்த ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். கையில் காற்று அடித்தால் ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று கேட்கும். கண்ணாடி வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுங்கள். மொடமொடப்பான பட்டுப்புடவையும் வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போடும். தாள்களைப் பின் அடிக்காதீர்கள். முடித்த தாளைத் திருப்பாமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

சொந்தமாக இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் மனப்பாடம் செய்த கட்டுரையை எடுத்து விடாதீர்கள். உங்கள் கை பட்ட ஒரு விஷயத்தைப் பேசுங்கள். என் முறை வந்தபோது களி கிண்டுவதைப் பற்றிப் பேசினேன்: கேழ்வரகு மாவை எப்போது கொட்டுவது, துடுப்பை எந்தப் பக்கம் அழுத்தினால் கட்டி தட்டாது என்று. எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பெரியவர்களைக் கேளுங்கள், ஆனால் அவர்களைப் போலப் பேசாதீர்கள். டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியிடம் உச்சரிப்பின் கண்டிப்பைக் கவனிக்கலாம். 'இன்று ஒரு தகவல்' தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஊரையே சிரிக்க வைப்பார், தான் சிரிக்க மாட்டார்; அந்த அடக்கத்தைக் கவனிக்கலாம். இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதைக் கேட்டு வளர்ந்த நான், முதல் மாதம் முழுக்க அவர் மாதிரியே பேசிப் பார்த்தேன். "ஏம்மா, யாழ்ப்பாணத்துல பொண்ணு கட்டியிருக்கா உங்க வீட்ல?" என்று கேட்டுவிட்டார் தயாரிப்பாளர்.

இசைத்தட்டு இருந்த காலத்தில், ஊசியைப் பாட்டின் தொடக்கத்தில் வைத்துத் தட்டை அரைச் சுற்று பின்னால் திருப்பி வைப்போம். இல்லாவிட்டால் தட்டு வேகம் பிடிப்பதற்குள் பாடகர் இழுவையாக அழுவார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் ஓடுகிற பாட்டு முடியும் முன்பே அடுத்தது கைக்கு எட்ட இருக்கவேண்டும் என்பது மாறவில்லை.

டிவிக்குக் கூப்பிட்டால் இரண்டே விஷயம். பின்னால் பச்சைத் திரை கட்டியிருந்தால் பச்சைப் புடவை கட்டாதீர்கள், தலையும் கையும் மட்டும்தான் தெரியும். அப்புறம், லென்ஸைப் பாருங்கள். எங்கள் கேபிள் சேனலில் எழுத்து ஓடும் கருவியெல்லாம் கிடையாது. ஒரு பையன் சார்ட் பேப்பரில் எழுதி கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வான். பழைய பதிவுகளில் நான் யாரையோ ஓரக்கண்ணால் பார்த்தபடியே வணக்கம் சொல்வேன்.

கடைசியாக அந்தச் சிவப்பு விளக்கு. எரிந்தவுடன் பேசிவிடாதீர்கள், ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். முடித்த பிறகும் அது அணையும்வரை நாற்காலியைக்கூட நகர்த்தவேண்டாம். ஒரு நாள் இரவு ஒலிபரப்பு முடிந்தது என்று நினைத்து, "அப்பாடா, முடிஞ்சுதுடா சாமி" என்று சோம்பல் முறித்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நிலையத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பால்காரர்தான், பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏங்க்கா, நேத்து ராத்திரி ரொம்ப அலுப்புங்களா?"