மசித்த சோறு மட்டும் போதும் என்கிற குழந்தையை, தானே உணவைக் கையில் எடுத்துச் சாப்பிடப் பழக்க

ஒன்றேகால் வயதாகியும் குழையக் கரைத்த பருப்பு சாதத்தைத் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்கிறதா? முதலில் மிக்ஸியை நிறுத்துங்கள். அதே சாதத்தைக் கையால் மசித்து, நாளுக்கு நாள் பருக்கை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற மாதிரி விடுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். அப்புறம் இட்லியை விரல் நீளத்துக்கு நறுக்கித் தட்டில் இரண்டே துண்டு வையுங்கள்; நிறைய வைத்தால் மிரண்டுவிடும். வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளி எல்லாம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம்.

என் மகள் ஆறு நாள் இட்லியைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டாள், ஏழாம் நாள் ஓரத்தை மட்டும் கடித்தாள். சில குழந்தைகளுக்கு 10, 15 முறைகூட வைக்க வேண்டியிருக்கும், தயவுசெய்து திணிக்காதீர்கள்.

ஓக்கரித்தால் பதற வேண்டாம், இருமி அதுவே வெளியே தள்ளும். சத்தமே வராமல் திணறினால்தான் ஆபத்து, அதற்கான முதலுதவியை முன்பே கற்றுக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை 5 வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.