பாரை விடப் பழகுங்கள்: காயலில் கைட் சர்ஃபிங் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைட் சர்ஃபிங் என்றால், பெரிய கைட் (காத்தாடி) இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவது; கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் தடிதான் பார். இதைப் பழகுவதற்கு இலங்கையின் கற்பிட்டிக் காயல் வசதியான நீர்நிலை. மணல்திட்டு அலைகளைத் தடுத்துவிடுகிறது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று சீராக வீசுகிறது. வடசென்னையின் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் என்னோடு வரும் இளைஞர்கள் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், நன்றாக நீந்துகிறவர்கள். ஆனாலும் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். வெயிலுக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர் போன்றவற்றை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

தண்ணீரைப் பார்த்துக் காற்றை எடைபோடுவது

திட்டு தடுப்பது அலையைத்தான். காற்று அதன் தலைக்கு மேலே தாராளமாக வருகிறது. தண்ணீர் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குக் காற்று கம்மிதான் அக்கா, பெரிய கைட்டையே எடுக்கலாம்" என்பார்கள். காற்றின் வேகம் 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலிருந்து 18 நாட் அளவுக்கு ஏறினால், அது ஒன்றரை மடங்குதான். ஆனால் கைட்டின் இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், இரண்டே கால் மடங்காகிவிடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 18 நாட் காற்றில் 9 சதுர மீட்டர் கைட் போதும். 12 சதுர மீட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்குவது பழகுகிறவர் வேலை அல்ல.

பாரை இறுகப் பிடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் கண்ணெதிரே நடக்கும் தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கைட் உங்கள் கைகளில் தொங்கவில்லை. அது இடுப்பில் கட்டிய ஹார்னஸ் என்ற பட்டையோடு கொக்கி வழியாக இணைந்திருக்கிறது. கையிலுள்ள பார் அதன் திசையையும் வலுவையும் மாற்றுவதற்கு மட்டுமே. பாரை உங்கள் பக்கம் இழுத்தால் பின்கயிறுகள் இறுகும், கைட் காற்றுக்கு அதிகமாக முகம் கொடுக்கும், இழுவை ஏறும். பாரை விட்டால் அது தானே மேலே நழுவிப் போகும், பின்கயிறுகள் தளரும், இழுவை பெருமளவு அடங்கும். கையை விட்டாலும் கைட் ஓடிப்போகாது.

படகில் வளர்ந்த கைக்கு இது புரிவதில்லை. எந்த நிலையிலும் கயிற்றை விடக்கூடாது என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். வலை இழுக்கும்போது அந்தப் பிடிதான் உயிரைக் காக்கிறது. மொட்டைமாடியில் காத்தாடி விட்டுப் பழகியவர்களும் அப்படித்தான். பதற்றம் வந்தால் நூலைச் சுண்டி இழுக்கிறார்கள். கைட் சர்ஃபிங்கில் அதே பிடி ஆளைத் தூக்கி எறியும்.

காசிமேட்டுத் தம்பி ஒருவர் கற்பிட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். கைட் தலைக்கு நேர் மேலே அமைதியாக இருந்தது. திடீரென ஒரு வீச்சுக் காற்று வந்தது, கால் இடறியது, இரண்டு கைகளும் பாரை நெஞ்சோடு சேர்த்து இழுத்துவிட்டன. ஒரு கை கூடுதலாக இழுத்ததால் கைட் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றின் முழு வலு உள்ள பகுதிக்குள் பாய்ந்தது. கரையில் நின்ற அவருடைய நண்பர்கள் ஒரே குரலில் கத்தினார்கள்: "விடாதே, கெட்டியாகப் பிடி!" அவரும் பிடித்தார். முழங்கால் வரை ஆழம் குறைந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே அடியில் கிடந்த சிப்பி ஓடுகள் இரண்டு கால்களையும் கிழித்தன. கைட் மணல்திட்டில் மோதி அதன் முன்விளிம்புக் காற்றுக்குழாய் வெடித்தது. புதிய கைட் ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். பணம் போகட்டும், அன்று அவருடைய தலை கட்டைச் சுவரிலோ படகிலோ மோதாமல் போனது தற்செயல்தான். ஹெல்மெட்டையும் அவர் கரையில் கழற்றி வைத்திருந்தார்.

எனவே கரையிலேயே இதைப் பழகுங்கள். முதலில் பாரை விட வேண்டும். அதன் பிறகும் இழுத்தால் கொக்கிக்கு மேலுள்ள குவிக் ரிலீஸை (அவசர விடுவிப்பு விசையை) தள்ள வேண்டும். அப்போது கைட் ஒரே கயிற்றில் தொங்கி வலுவிழந்து விழும். அதற்கும் அடங்காவிட்டால் உங்களோடு கைட்டைப் பிணைத்திருக்கும் அந்தக் கடைசிக் கயிறான லீஷைக் கழற்றிக் கைட்டையே போகவிட வேண்டும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையாலும் இடக்கையாலும், தடுமாறாமல் செய்ய வர வேண்டும். மணல் புகுந்தால் குவிக் ரிலீஸ் இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி, திறந்து மூடிப் பாருங்கள். உங்களோடு வரும் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள்: கத்துவதானால் "விடு" என்று கத்தட்டும்.

பலகையை நீந்திப் பிடிக்கப் போவது

விழுந்ததும் காற்று உங்களைத் தள்ளும், பலகை பின்னால் தங்கிவிடும். நீச்சலில் கெட்டிக்காரர்கள்தான் இதில் அதிகம் களைத்துப் போகிறார்கள். ஒரு கையைத் தண்ணீரில் துடுப்பாக நீட்டி, கைட்டைக் கொண்டே உடலைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்து இழுக்கப் பழகாமல் பலகையில் கால் வைக்காதீர்கள்.

தனியாகக் கைட்டை ஏற்றுவது

கூடாது.

நீச்சல் தெரியும் என்று லைஃப் ஜாக்கெட்டை விடுவது

மயங்கியவருக்கு நீச்சல் தெரியாது.

பக்கத்தில்தானே என்று பழவேற்காட்டுக்குப் போவது

ஆழமில்லாத பெரிய ஏரி, வீட்டிலிருந்து சிறிது தூரம். ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது பறவைகள் சரணாலயம். பூநாரைகள் இரை தேடும் இடத்தில் பெரிய கைட் பறந்தால் கூட்டமே கலைந்துவிடும். அது மட்டுமல்ல, அங்குள்ள மீனவர்கள் பாடு முறையில் இடத்தையும் முறையையும் தங்களுக்குள் பங்கிட்டு வலை கட்டுகிறார்கள். நம்முடைய கயிறு அவர்கள் வலையில் சிக்கினால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போய்விடும். எண்ணூர் கழிமுகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய். அங்கே விழுந்து எழுந்து பழகுவது உடம்புக்கு ஆகாது.

காயலில் பழகிய கையோடு திருவொற்றியூர்க் கடலில் இறங்குவது

காயலில் தவறினால் எதிர்க்கரை பிடித்துக்கொள்ளும். இங்கே ஜூன், ஜூலை காலைகளில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும்போது இறங்கினால் அடுத்த கரை அந்தமான்தான். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் ஆபத்து வேறு வடிவில் வரும். கரை நெடுகக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) இருக்கின்றன. காற்று ஆளை அவற்றின் மீதே தள்ளும். பாறைக்கும் உங்களுக்கும் நடுவே, நிதானித்துப் பாரை விடுவதற்குக்கூட இடம் இருக்காது. புறப்பட்ட இடத்துக்கே காற்றை எதிர்த்துத் திரும்பி வரத் தெரியும்வரை காயலை விட்டு வெளியே வர வேண்டாம். அதன் பிறகும் பாறையில்லாத, அகலமான மணற்கரையாகப் பார்த்து, காற்று கரைக்குச் சாய்வாக வீசும் நாளில், கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.