அயோரிஸ்ட் என்றால் ‘ஒரே தரம்’ அல்ல

புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்கத் தொடங்குகிறவர்களைச் சீக்கிரமே பற்றிக்கொள்ளும் தவறு ஒன்று உண்டு. அது அயோரிஸ்ட் என்ற கிரேக்க வினைவடிவத்தைப் பற்றியது. ‘இந்த வினை அயோரிஸ்ட், ஆகவே ஒரே தரம், ஒரே நொடியில் நடந்து முடிந்தது’ என்பார்கள். பிரசங்கங்களிலும் இதைக் கேட்கலாம். இதன்மேல் கோட்பாடுகளையே எழுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் கவலை.

வெளிப்படுத்தின விசேஷம் 20:4-ஐப் பாருங்கள். கிறிஸ்துவுடன் ஆயிரம் ஆண்டுகள் அரசாண்டார்கள் என்கிறது. அங்குள்ள ‘எபசிலெவ்சன்’ அயோரிஸ்ட் வினை. யோவான் 2:20-இல் ஆலயம் 46 ஆண்டுகளில் கட்டப்பட்டது என்று வருவதும் அதே வடிவம்தான். அயோரிஸ்ட் ஒரு செயலின் கால அளவைச் சொல்வதில்லை; செயலை விரித்துக் காட்டாமல் முழுதாக எடுத்துரைக்கிறது, அவ்வளவே. ‘முப்பது ஆண்டுகள் ஆண்டான்’ என்று நாம் தயங்காமல் சொல்கிறோமே! ‘ஆண்டுகொண்டிருந்தான்’ என்றால் பார்வை மாறிவிடுகிறது. கிரேக்கத்தில் அதற்கு இம்பர்ஃபெக்ட் என்ற வேறொரு வினைவடிவம் வரும்.

‘ஒரே தரம்’ என்று அழுத்திச் சொல்லக் கிரேக்கத்தில் தனிச்சொல்லே இருக்கிறது. ரோமர் 6:10-இல் ‘அபெதனென்’ (இறந்தார்) என்ற அயோரிஸ்டுடன் பவுல் ‘எஃபபக்ஸ்’ என்பதைச் சேர்க்கிறார். வினை வடிவமே அந்தப் பொருளைத் தருமென்றால் இந்தச் சொல் எதற்கு?

அயோரிஸ்ட் எங்கு வந்தாலும் இறந்தகாலம் என்று எண்ணுவதும் பிழை. இறந்தகாலத்தைக் காட்டுவது முன்னால் சேரும் ‘எ’. நடந்ததைக் கூறும் வினைமுற்றில் மட்டுமே அது வரும்: ‘எலூசா’ என்றால் அவிழ்த்தேன். ஏவலான ‘லூசோன்’ (அவிழ்), எச்சமான ‘லூசாய்’ (அவிழ்க்க) இரண்டிலும் அந்த ‘எ’ இல்லை, இறந்தகாலமும் இல்லை.

வடிவத்தில் ஏமாற்றுவது ‘எலெய்பொன்’, ‘எலிபொன்’ என்ற இணை. முன்னது இம்பர்ஃபெக்ட் (விட்டுக்கொண்டிருந்தேன்), பின்னது அயோரிஸ்ட் (விட்டேன்). முன்னொட்டும் விகுதியும் ஒன்றே. வேறுபடுவது வினையடி மட்டும். ‘எலூசா’வில் வருகிற ‘ச’ ஒலியை எல்லா அயோரிஸ்டிலும் தேடுகிறவர் இங்கே தவறிவிடுவார். ஒவ்வொரு வினைக்கும் அகராதி தரும் அடிப்படை வடிவங்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் சொன்னதால், அயோரிஸ்டுக்குப் பொருளே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. கர்த்தருடைய ஜெபத்தில் ‘அப்பத்தைத் தாரும்’ என்ற வேண்டுதலுக்கு மத்தேயு 6:11 அயோரிஸ்டான ‘தொஸ்’ என்பதையும், லூக்கா 11:3 நிகழ்கால வடிவமான ‘திதூ’ என்பதையும் எடுக்கின்றன. மத்தேயுவில் உடன் வருவது ‘இன்று’, லூக்காவில் ‘நாள்தோறும்’. வினையை அதன் அருகிலுள்ள சொற்களுடன் சேர்த்துப் படித்தால் இந்த வேறுபாடு தானே விளங்கும்.