அடுத்த விமானத்துக்கு முன் குமரி மாவட்டம்: நேரத்தை வீணாக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு எல்லாமே திருவனந்தபுரம்தான். அங்கே வந்து இறங்கி, அடுத்த விமானத்துக்கு 8 மணி நேரமோ 10 மணி நேரமோ இருந்தால் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 'பக்கத்துலதானே கன்னியாகுமரி, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துரலாம்.' அந்த 'பக்கத்துலதானே'யில்தான் எல்லாம் கெடுகிறது.

தூரம் சுமார் 90 கிலோமீட்டர்தான் வரும். ஆனால் இந்தச் சாலையை வரைபடத்தில் பார்த்து எடை போடாதீர்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, எல்லையில் களியக்காவிளை, அப்புறம் குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று சந்தையும் பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் ஒட்டி ஒட்டி வரும் பாதை இது, ஊர் முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த ஊர் தொடங்கிவிடும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மார்த்தாண்டத்தில் மாட்டினால் அதற்கும் மேல். இவ்வளவுக்கும் பிறகு முனையில் போய் நின்றால், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வரிசையிலேயே மிச்ச நேரம் கரைந்துவிடும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. திருவள்ளுவர் சிலையையும், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவது அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. கன்னியாகுமரிக்கு ஒரு ராத்திரியாவது தங்குகிற மாதிரி வாருங்கள்.

சரி, 10 மணி நேரம் கையில் இருந்தால் எங்கே போகலாம்? கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். திரும்ப வந்து விமான நிலையத்துக்குள் நுழைய உள்நாட்டு விமானம் என்றால் 2 மணி நேரம், வெளிநாடு என்றால் 3 மணி நேரம் முன்னதாக. இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்து சுங்கச் சோதனையும் முடிக்க வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். மிச்சம் 6 அல்லது 7 மணி நேரம். இந்த நேரத்துக்குப் பொருந்துவது தக்கலை பக்கம்தான், அதற்கு அப்பால் வேண்டாம்.

தக்கலையை ஒட்டி பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. முன்வாசலில் நுழைந்ததும் கூட்டத்தோடு உள்ளே பாயாமல் தலையைத் தூக்கிப் பாருங்கள், மரக்கூரை முழுக்க விதவிதமான பூக்கள் செதுக்கியிருக்கும், அங்கேயே சங்கிலியில் குதிரைக்காரன் உருவத்தோடு ஒரு விளக்கு தொங்கும். மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள், வெயில் உள்ளே வரும்போது அறையின் நிறமே வேறு. காலடியில் கறுப்பாகப் பளபளக்கும் தரை; சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் அந்தக் குளிர்ச்சி நேரடியாக உள்ளங்காலில் தெரியும். இதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வேறு இடத்துக்கு ஓடுவதுதான் நான் பார்த்து வருத்தப்படும் தவறு. ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள்.

அங்கே திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மத்தியானம் 1 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறப்பார்கள், சாயங்காலம் நாலரைக்கு முடிந்துவிடும். கோயில்களும் மத்தியானம் அப்படித்தான் மூடுவார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க ஆசைப்பட்டால் காலையிலேயே போய்விட வேண்டும், உச்சிக்கு நடை சாத்தினால் சாயங்காலம்தான். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். நடை சாத்தியிருந்தால் அங்கே நின்று நேரத்தைப் போக்காமல் பக்கத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போகலாம். 115 அடி உயரத்தில் பரளியாற்றின் மேல் தண்ணீரைக் கொண்டு போகும் பாலம், ஓரமாக நடந்தே போகலாம்.

டெர்மினலைப் பார்க்காமல் திரும்புவது இன்னொரு தவறு. திருவனந்தபுரத்தில் டெர்மினல் 1 சங்குமுகம் பக்கம், டெர்மினல் 2 சாக்கை பக்கம், நடுவில் ஓடுபாதை. மாறிப்போய் இறங்கினால் நடந்து போக முடியாது, சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டு நாளில், அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் நாளில், பத்மநாப சுவாமி ஊர்வலம் ஓடுபாதையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும், அன்றைக்குச் சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களே கிடையாது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்சி பேசும்போது மொத்த வாடகையைப் பேசுங்கள். மாநில எல்லை தாண்டுகிறோம், பெர்மிட் காசும் காத்திருக்கும் காசும் அதில் சேர்ந்ததா என்று வண்டியில் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும். களியக்காவிளையில் இறங்கி நின்று வாக்குவாதம் செய்ய உங்களுக்கு நேரம் இருக்காது.

இனி சொல்வது நம்ம ஊர்க்காரர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வேறு ஊருக்குப் போகிற வழியில் நடுவில் கொஞ்ச நேரம் கிடைத்தால் வீட்டை எட்டிப் பார்க்கத் தோன்றும், அது நியாயம்தான். ஆனால் வருகிறேன் என்று எல்லாருக்கும் போன் போடாதீர்கள். அம்மா வீட்டுக்குப் போனால் சித்தி வீட்டுக்கும் போகணும், 'மக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் சோறு திங்காம போறியே' என்று கேட்டால் யாரால் எழுந்து வர முடியும்? ஒரே வீடு, அதுவும் மார்த்தாண்டம், தக்கலைக்கு இந்தப் பக்கம் என்றால் மட்டும் போங்கள். நாகர்கோவில் தாண்டி வீடு என்றால் அவர்களை மார்த்தாண்டத்துக்கு வரச் சொல்லி, எங்கேயாவது உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசுங்கள். வயதானவர்களுக்கு முடியாது என்றால் வேறு கதை, அப்போது அரண்மனை, கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கே போய்விடுங்கள்.

வாங்கும் சாமானிலும் கவனம் வேண்டும். பெட்டியை ஏற்கெனவே ஒப்படைத்தாகிவிட்டது என்றால் மார்த்தாண்டம் தேன் பாட்டிலும் தேங்காய் எண்ணெயும் வாங்காதீர்கள், வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விட மாட்டார்கள். கொப்பரையையும் விடுவதில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குங்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் மட்டிப்பழமும் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளலாம். பழுத்தால் தொட்டாலே நசுங்கும், கொஞ்சம் காய்வெட்டாகப் பார்த்து எடுங்கள்.

மொத்தமே 6 மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது என்றால் குமரிப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம். சங்குமுகம் கடற்கரை விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள்.