பொங்கலுக்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள்

திருகோணமலையில் மார்கழி என்றால் மழை. டச்பே கடற்கரையில் அலை மண்ணை அரித்துக்கொண்டு போகும். நிலாவெளியில் யாரும் குளிக்க இறங்குவதில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள்கூட மரத்தடியில் ஒதுங்கி நிற்கும். இந்த நேரத்தில்தான் நத்தார், புதுவருடம், பொங்கல் என்று வரிசையாக வருகின்றன, வெளிநாட்டுச் சொந்தங்களும் வந்திறங்குகிறார்கள். வருடத்துக்கு ஒரு திட்டம் போட வேண்டும், நாலு பேருக்குப் பரிசும் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே கொப்பியில் செய்யலாம். நான் நாலு வருடமாகச் செய்கிறேன், முதல் இரண்டும் சொதப்பல்.

தேவையானவை 80 பக்க எக்ஸசைஸ் கொப்பி ஒன்று, பேனை ஒன்று. விலை கூடிய டயறி வேண்டாம், அதில் வெட்டித் திருத்த மனம் வராது.

படி 1: ஜனவரி 1-ஐ விட்டுவிடுங்கள்

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், வெளியே மழை, வயிற்றில் கேக். எந்த நல்ல பழக்கமும் அன்று தொடங்காது. தைப்பொங்கலில் தொடங்கி, ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு வரை என்று எல்லை வையுங்கள். ஏறத்தாழ 90 நாள். வருடம் முழுவதற்கும் திட்டம் போட்டால் மாசியிலேயே கொப்பி பழைய பேப்பர்க் கட்டுக்குள் போய்விடும்.

இந்த 90 நாளுக்கு ஒரு காரணமும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை ஒரு புதுப் பழக்கம் தொடங்கச் சொல்லிப் பின்தொடர்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டது. பழக்கம் தன்பாட்டில் நடக்கத் தொடங்க எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது, நடுக்கணக்கு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. ஆகவே 90 நாளில் காய்ச்சலுக்கும் கலியாண வீட்டுக்கும் சேர்த்தே இடம் இருக்கிறது.

படி 2: ஒன்றே ஒன்று எழுதுங்கள், எண்ணக்கூடியதாக எழுதுங்கள்

என் முதல் வருடக் கொப்பியில் 'நீந்தப் பழக வேண்டும்' என்று இருக்கிறது. ஜனவரியில், கிழக்குக் கரையில்! கடல் அடங்கித் தெளியச் சித்திரை ஆகிவிடும். அதற்குள் கொப்பி எங்கே என்றே தெரியவில்லை. நான் சோம்பேறி என்பது உண்மைதான், ஆனால் அந்த முறை பிழை என்னில் மட்டும் இல்லை, எழுதிய விதத்திலும் இருந்தது.

இப்போது இப்படி எழுதுகிறேன்: 'செவ்வாய், வியாழன், சனி. பின்னேரத் தேத்தண்ணி குடித்த கையோடு, டச்பேயில் 30 நிமிடம் நடை. மழை என்றால் வீட்டு விறாந்தையில் 15 நிமிடம்.' எந்த நாள், எதற்குப் பிறகு, எங்கே, எவ்வளவு, முடியாவிட்டால் என்ன: இந்த ஐந்தும் வந்துவிட வேண்டும். இதில் 'எதற்குப் பிறகு' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். தேத்தண்ணியை நான் மறந்ததே இல்லை, அதனால் நடையும் மறக்கவில்லை. நீச்சல் சித்திரைக்குப் பிறகு வரட்டும்.

கீழே 90 கட்டம் கீறுங்கள். செய்த நாளில் ஒரு புள்ளடி. அவ்வளவுதான்.

படி 3: கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

இங்கே பரிசுக் கணக்கு. பெயர்களை எழுதுங்கள். ஆனால் பெயருக்கு நேரே பொருளை எழுத வேண்டாம், அவர் வாயால் சொன்ன ஒரு வசனத்தை எழுதுங்கள். கார்த்திகையிலேயே காதைத் திறந்து வைத்தால் ஆளுக்கொரு வசனம் தானாக விழும்.

என் பெரியம்மாவுக்கு வருடா வருடம் சேலைதான் கொடுத்து வந்தேன். ஒரு நாள் அலுமாரியைத் திறந்தபோது நான் கொடுத்தவை எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன, ஒன்றில் விலைத் துண்டுகூடக் கழற்றப்படவில்லை. அந்த வாரம் அவர் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார். வசனத்தை அப்படியே எழுதிக்கொண்டேன். நத்தார் விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். சேலையைவிடச் செலவு குறைவு. வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி, தாளில் இருந்த ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்து முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

படி 4: அவர் சொல்லாத இலக்குக்குப் பரிசு கொடுக்காதீர்கள்

அத்தானுக்கு ஓடுகிற சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தது அவர் இல்லை, நான். இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது மீன் வாங்கப் போகும்போது அதைத்தான் போடுகிறார்.

படி 5: காசு

மொத்தத் தொகையை முதலில் எழுதி, பிறகு பங்கிடுங்கள். எல்லோருக்கும் பொருள் தேவையில்லை. பக்கத்து வீடுகளுக்கு ஒரு தட்டுப் பலகாரமும் பொங்கலும் போதும். தட்டு திரும்பி வரும்போது வெறுமனே வராது என்பது உங்களுக்கே தெரியும்.

படி 6: விமானம் ஏறுகிறவர்களுக்கு

எல்லோரும் கருவாடு கட்டிக் கொடுப்பார்கள். பெட்டி முழுக்க வாசம் ஏறும், சில நாட்டு விமான நிலையங்களில் பிடுங்கியும் விடுவார்கள். என் வாக்கு கறித்தூளுக்குத்தான். கனடாவில் இருக்கும் மச்சாள் "கடைச் சாப்பாட்டை விடவேணும், ஆனா சமைக்கத் தெரியாது" என்று சொல்லியிருந்தாள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து மில்லில் அரைப்பித்தோம். அரைத்த சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டிபட்டுவிடும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, இரண்டு உறையில் போட்டு இறுக்குங்கள். கூடவே அம்மாவின் கையெழுத்தில் மூன்று கறிக்கான செய்முறை. மூன்றுக்கு மேல் வேண்டாம், பத்து எழுதினால் ஒன்றும் சமைக்க மாட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சட்டியின் படம் வருகிறது. முதல் படத்தில் சோறு அடிப்பிடித்திருந்தது.

படி 7: சித்திரையில் திறந்து பாருங்கள்

மருத்துநீர் வைத்துக் குளித்து, பஞ்சாங்கம் பார்த்துக் கைவிசேடம் வாங்கிய பிறகு புள்ளடிகளை எண்ணுங்கள். செய்வதாக எழுதிய நாட்களில் பாதிக்கும் குறைவென்றால் இலக்கை மாற்ற வேண்டாம், அளவைக் குறையுங்கள். மூன்று நாள் நடை இரண்டு நாள் ஆகட்டும். நீங்கள் கைவிசேடம் கொடுக்கிற ஆளாக இருந்தால், பின்பக்கத்தில் இருக்கும் அவரவர் வசனத்தையும் ஒருமுறை பாருங்கள். நீந்தப் பழக வேண்டும் என்ற மருமகனுக்கு அந்தக் காசை நீச்சல் கண்ணாடிக்கென்று சொல்லியே கொடுக்கலாம்.

இந்த வருடம் பெரியம்மாவின் பெயருக்கு நேரே ஏற்கெனவே எழுதியாகிவிட்டது: "கன்னியாவுக்கு ஒருக்காப் போய் ஏழு கிணத்திலயும் குளிக்கவேணும்." கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக ஆட்டோவுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். வாளி வீட்டிலேயே இருக்கிறது.